நியூட்டனைத் திருத்த வந்தவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

சென்ற ஆண்டு நமது கல்லூரியில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சியை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இயற்பியல் அரங்கில் சூரிய அடுப்பும், இருட்டினால் தானே எரியும் தெருவிளக்கும், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு மேலே பாயும் பாட்டில் ராக்கெட்டும் வைத்திருந்தோம். இரண்டாம் நாள் பிற்பகல், கூட்டம் சற்றுக் குறைந்திருந்த வேளையில், வெள்ளை வேட்டியும் கைமடித்த சட்டையுமாக ஒரு பெரியவர் வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள் எண்பது பக்க நோட்டுகள் மூன்று. எங்கள் மாதிரிகள் எதையும் அவர் பார்க்கவில்லை. நேரே மேசைக்கு வந்து, நோட்டுகளை எடுத்து வைத்து, “நியூட்டன் சொன்னது தப்பு. ஒண்ணும் ஒண்ணையும் இழுக்காது. எல்லாம் தள்ளுகதுதான். இதுல எழுதியிருக்கேன்” என்றார்.

நாங்கள் அவரை உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தோம். நோட்டைப் படிப்பதுபோல் நாலு பக்கம் புரட்டினோம். “ரொம்ப நல்லாருக்கு, சார் வந்ததும் காட்டுகோம்” என்று சொல்லி வழியனுப்பினோம். அவர் வராந்தாப் படி இறங்குமுன்னே அரங்கில் சிரிப்பு வெடித்துவிட்டது. ஒருவன் அவருக்கு “பத்மநாபபுரம் ஐன்ஸ்டீன்” என்று பட்டமே சூட்டிவிட்டான். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்புத்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

ஏனெனில் அவர் எனக்கு அந்நியர் அல்லர். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். ஊரார் “வயர்மேன் அண்ணாச்சி” என்பார்கள். நான் “மாமா” என்பேன். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் மின்சாரம் வந்தபோது வயர் இழுத்தவர் அவர்தான். பால்வெட்டுக்குப் போகும் என் அப்பாவிடம் கூலியில் பாதியை அவர் இன்றுவரை கேட்டதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று, முந்திரி ஆலையிலிருந்து திரும்பிய அம்மாவைத் தெருவில் நிறுத்தி, “நம்ம தெருவுக்கு ஒரு சயன்ஸ் படிச்சவன் வந்தாச்சு” என்று சொன்னாராம். அவர் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு கண்காட்சிக்கு வந்ததே நான் அங்கே இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான். அவர் முன்னால் நான் சிரிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அது எனக்குப் பெருமை தருவதாயில்லை.

ஒரு வாரம் கழித்துத் தக்கலை சாலையில் பார்த்தபோது, “மக்கா, சார் பாத்தாரா?” என்று கேட்டார். “பாத்துக்கிட்டிருக்கார் மாமா” என்றேன். நோட்டுகள் ஆய்வுக்கூட மேசை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்தன. அன்று மாலையே அவற்றை எடுத்து வந்தேன்.

அந்த நோட்டுகளில் இருப்பது இதுதான். வானம் எங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் எல்லாத் திசையிலும் பாய்ந்துகொண்டிருக்கின்றன. தனியாக ஒரு பொருள் இருந்தால் எல்லாப் பக்கமும் சமமாக அடி விழும், அது அசையாது. பக்கத்தில் பூமி போன்ற பெரிய பொருள் இருந்தால் அந்தப் பக்கத்து மழையை அது குடைபோல் தடுத்துவிடும். எதிர்ப்பக்கத்து மழை மட்டும் அடிக்கும். ஆகவே பொருள் பூமியை நோக்கித் தள்ளப்படும். மாங்காயைப் பூமி இழுப்பதில்லை, வானம் தள்ளுகிறது. ஒரு பக்கம் முழுக்கக் குடை படம் போட்டிருந்தார்.

அதற்கடுத்த பக்கத்தில்தான் நான் திடுக்கிட்டேன். ஈர்ப்பு ஏன் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது என்பதற்கு அவர் ஒரு சோதனை செய்திருக்கிறார். கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு சிறு மூடியைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கூரையில் எத்தனை ஓடு மறைகிறது என்று எண்ணியிருக்கிறார். பிறகு இரண்டு சாண் தூரத்தில் பிடித்து மறுபடியும் எண்ணியிருக்கிறார். ஏறத்தாழக் கால்பங்கு! “தூரம் இரட்டித்தால் குடையின் மறைப்பு கால்பங்கு” என்று அடிக்கோடிட்டிருந்தார். நான் இருமடி எதிர்விகித விதியை ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதி மதிப்பெண் வாங்கி வருபவன். ஏன் இருமடி, ஏன் மும்மடி இல்லை என்று ஒரு நாளும் என் மனத்தில் கேள்வி எழுந்ததில்லை.

இதில் தவறு எங்கே? தவறு இருக்கத்தான் வேண்டும் என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. பாடநூலில் நியூட்டனின் விதி இருக்கிறது, அதன் சூத்திரம் இருக்கிறது, ஐந்து கணக்குகள் இருக்கின்றன. “தள்ளுகதுதான்” என்று ஒருவர் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது என்பது எந்த வினாத்தாளிலும் வந்ததில்லை.

நமது அரண்மனை மணிக்கூண்டை எல்லோரும் அறிவோம். தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் வாழும் அரண்மனை. அந்த வழக்கு வேறு கதை. முந்நூறு ஆண்டுப் பழமை சொல்லப்படும் அதன் கடிகாரம் ஓடுவது தொங்கும் எடைகளால். எடை இறங்க இறங்க முள் நகர்கிறது. பூமி இழுப்பதால் எடை இறங்குகிறது என்று நான் சொல்வேன். வானம் தள்ளுவதால் இறங்குகிறது என்று மாமா சொல்வார். கடிகாரமோ இருவருக்கும் ஒரே மணியைத்தான் காட்டும்! அப்படியானால் அந்தக் கடிகாரத்தை வைத்து எங்கள் வழக்கைத் தீர்க்க முடியாது. இரண்டு கொள்கையும் வேறுவேறு விடை சொல்லும் ஓரிடத்தைத் தேடிப் போக வேண்டும். இந்தச் சிறிய உண்மை எனக்குப் புலப்பட இரண்டு வாரமாயிற்று. புலப்பட்டது வகுப்பறையில் இல்லை, பேருந்துக்குக் காத்து நிற்கையில்.

எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சில பக்கங்கள் படித்துவிட்டு, “இது பழைய சரக்கு தம்பி, ஆனால் நல்ல சரக்கு” என்றார். நூலகத்தில் தேடச் சொன்னார். தேடியதில் வியப்பின்மேல் வியப்பு. நியூட்டனின் நண்பராயிருந்த பாசியோ என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1690-லேயே இதே கருத்தை லண்டன் ராயல் சொசைட்டியில் சொல்லியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெனீவாவின் லெசாஜ் இதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு இதைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு வயர்மேன், கட்டிலில் படுத்து ஓடு எண்ணி, ஐரோப்பாவின் பெரிய மூளைகள் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். முந்நூறு ஆண்டு தாமதமாக வந்தார் என்பதுதான் குறை. அதையும் அவருக்குச் சொல்ல யாருமில்லை.

அடிப்படைக் கேள்வியில் அவர் நியூட்டனோடு சண்டையிடவும் இல்லை! இடையில் ஒன்றுமில்லாமல் ஒரு பொருள் தூரத்தில் உள்ள மற்றொன்றை எப்படி இழுக்கும் என்பதுதான் மாமாவின் முதல் பக்கத்துக் கேள்வி. அது அபத்தம் என்று நியூட்டனே 1693-ல் பெண்ட்லி என்ற பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1713-ல் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், ஈர்ப்பின் காரணத்தை ஊகித்துச் சொல்லப் போவதில்லை என்று கைவிரித்துவிட்டார். பாடநூல்கள் நமக்கு நியூட்டனின் விடையைத் தருகின்றன. நியூட்டனின் சந்தேகத்தைத் தருவதில்லை. சந்தேகத்தோடு வருபவரைக் கண்டு நாம் சிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

சரி, குடைக் கொள்கை எங்கே உடைகிறது? விடை நம் ஊர் மழையிலேயே இருக்கிறது. ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழையையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. செங்குத்தாகப் பெய்யும் மழையில் சைக்கிளில் போங்கள்; முதுகைவிட மார்புதான் அதிகம் நனையும். பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எல்லாத் திசையிலும் துகள்மழை பெய்தால் பூமியின் முன்புறத்தில் அதிக அடி விழ வேண்டும். பின்புறத்தில் குறைவாக விழ வேண்டும். நாளடைவில் பூமி வேகம் குறைந்து சூரியனுக்குள் போய் விழ வேண்டும். சுமார் 450 கோடி ஆண்டுகளாக அது விழவில்லை. துகள்கள் பூமியைவிடப் பன்மடங்கு வேகமாகப் பாய்கின்றன, ஆகையால் தடை மிகச் சிறிது என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்போது வேறொரு வினை வந்து சேருகிறது. அத்தனை வேகத் துகள்களைத் தடுத்து நிறுத்தும் பூமி சூடேற வேண்டும். இப்படியானால் பொருள்களெல்லாம் பழுக்கக் காய்ந்து போயிருக்குமே என்று மாக்ஸ்வெல் 1875-ல் எழுதினார். வேகத்தைக் குறைத்தால் தடை, கூட்டினால் சூடு. பிரான்சின் புவாங்கரே 1908-ல் இரண்டையும் கணக்கிட்டுக் கொள்கையின் கதையை முடித்தார். சிரிக்காமலே முடித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. விஞ்ஞான உலகுக்கு வெளியே நின்றுகொண்டு, நியூட்டனையும் ஐன்ஸ்டீனையும் திருத்த வருபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நம் நாட்டிலும் உண்டு. அவர்களை நாம் இரண்டே விதமாகத்தான் நடத்துகிறோம். ஒன்று, மாலை போட்டு மேடையேற்றுகிறோம். அல்லது பைத்தியம் என்று சிரித்துத் துரத்துகிறோம். இரண்டிலும் அவர் எழுதியதை நாம் வாசிப்பதில்லை.

2019 ஜனவரியில் பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் அருகே லவ்லி பல்கலைக்கழகத்தில் நடந்த 106-வது இந்திய அறிவியல் மாநாட்டில் இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் உள்ள உலக சமுதாய சேவா சங்கத்தைச் சேர்ந்த கண்ணன் ஜெகதல கிருஷ்ணன் என்ற தமிழர் அங்கே பேசினார். ஈர்ப்பில் உள்ள விலக்கு விசையை நியூட்டன் புரிந்துகொள்ளவில்லை. ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கை உலகைத் தவறான வழியில் செலுத்திவிட்டது. தம் கொள்கை நிலைபெறும்போது ஈர்ப்பலைகள் நரேந்திர மோடி அலைகள் என்றும், ஈர்ப்பு வில்லை விளைவு ஹர்ஷ் வர்தன் விளைவு என்றும் பெயர் பெறும் என்று அவர் கூறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அப்போது ஒருவர் நாட்டின் பிரதமர், மற்றவர் விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறையின் மத்திய அமைச்சர். பெயர் சூட்டுவதில் நம்மவர்க்கு இருக்கும் அவசரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை பிறக்குமுன்னே தொட்டில் கட்டிவிடுவோம்! அதே மாநாட்டில் கௌரவர் நூற்றுவரும் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்று பேசியவர் வெளியார் அல்லர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர்! ஆகவே கோட்டைக்கு உள்ளே இருப்பதே உண்மைக்கு உத்தரவாதம் என்றும் எண்ண வேண்டாம்.

கண்டனங்கள் எழுந்தன. விஞ்ஞானிகள் ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். மாநாட்டை நடத்திய சங்கம் வருத்தம் தெரிவித்து, இனிமேல் பேச்சுகளின் சுருக்கத்தை முன்கூட்டியே பார்ப்போம் என்றது. முன்கூட்டிப் பார்ப்பதுதானே வழக்கம், இத்தனை நாள் என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கு அப்போது பள்ளிப் பருவம். கைப்பேசிகளில் கேலிப்படங்கள் பறந்தது நினைவிருக்கிறது. ஆனால் ஈர்ப்பு விலக்கினால் என்ன நடக்கும், அதை எப்படிச் சோதிப்பது என்று நான் இருந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாடே சிரித்த ஒரு வாரத்தில் நாங்கள் இயற்பியலில் ஒரு வரி கூடுதலாகக் கற்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். “உங்கள் கொள்கை என்ன எண்ணைத் தருகிறது?” புதன் கோளின் பாதை நூறாண்டில் 43 வினாடிக் கோணம் கூடுதலாகத் திரும்புகிறது, நியூட்டனால் விளக்க முடியாத அந்த 43-ஐ ஐன்ஸ்டீன் 1915-ல் கணக்கிட்டுக் காட்டினார். சூரியனை உரசி வரும் விண்மீன் ஒளி 1.75 வினாடிக் கோணம் வளையும் என்றார். 1919 மே 29 கிரகணத்தின்போது அளந்து பார்த்தார்கள். 1916-ல் அவர் கணித்த ஈர்ப்பலை, நூறாண்டு கழித்து, 2015 செப்டம்பர் 14-ஆம் நாள் அமெரிக்காவில் மூவாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கருவிகளில் அகப்பட்டது. ஐன்ஸ்டீனைத் திருத்த வருபவர் தாராளமாக வரட்டும். இந்த எண்களையும் தந்து, இவற்றுக்கு மேல் ஒரு புது எண்ணையும் தரட்டும். பல்கலைக்கழகப் பட்டம் கேட்க வேண்டாம், எண்ணைக் கேட்போம்.

வெளியாரிடம் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம் உண்டு. “ஐன்ஸ்டீனே ஆபீஸ் குமாஸ்தாதானே!” 1905-ல் அவர் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தது உண்மை. அதற்கு ஐந்தாண்டு முன்பே அவர் சூரிச்சில் இயற்பியலும் கணிதமும் பயின்று பட்டயம் பெற்றிருந்தார் என்பதும், 1901 முதலே பெரிய ஆராய்ச்சி இதழில் எழுதி வந்தார் என்பதும் அதே அளவு உண்மை. அவர் அலுவலகத்தால் வெளியார்; படிப்பால் அல்லர். 1924-ல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டீனுக்குக் கட்டுரையைத் தபாலில் அனுப்பியதும் இப்படித்தான். ஐரோப்பாவுக்கு அவர் யாரோ ஒருவர். ஐன்ஸ்டீன் அதை வாசித்தார், தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்தார், வெளியிடச் செய்தார். கொள்கை மட்டும் இருந்திருந்தால் அது குப்பைக்கூடைக்குப் போயிருக்கலாம். அதில் பிளாங்கின் சூத்திரத்தைப் புதுவழியில் பெறும் கணக்கு இருந்தது.

அரசுக் கல்லூரி மாணவர்களாகிய நாம் நெஞ்சில் வைக்க வேண்டிய பெயர் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில், நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியில், இயற்பியல் படித்தவர். 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வயது பத்தொன்பது. இங்கே இதை வாசிக்கும் பலரைவிட இளையவர். எரிந்து ஓய்ந்த வெள்ளைக் குள்ள விண்மீன்களின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று அந்தப் பயணத்தில் கணக்குப் போட்டார். பின்னர் செம்மைப்பட்ட கணக்கில் அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று வந்தது. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும், அக்காலத்து வானியல் சக்கரவர்த்தி எடிங்டன் எழுந்து அதைக் கேலி செய்தார். அவை சிரித்தது. சிரித்தவர்களெல்லாம் படித்தவர்கள்! சந்திரசேகரிடம் எண் இருந்தது. சிரிப்பு ஓய்ந்தது, எண் நின்றது. 1983-ல் நோபல் பரிசும் வந்தது. அவரை மாமாவோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த அவையோடு நமது கண்காட்சி அரங்கைத்தான் ஒப்பிடுகிறேன். இரண்டிலும் கணக்குக்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஏமாற்று வேறு, தவறு வேறு. 1996-ல் மூலிகையிலிருந்து பெட்ரோல் என்று சொல்லி நாட்டையே பேச வைத்த இராமர் பிள்ளைக்கு 2016-ல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அங்கே பணம் புழங்கியது. அது போலீசாருக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய விஷயம். நான் பேசுவது சொந்தக் காசில் நோட்டு வாங்கி, தபால்தலை வாங்கி, பெரிய இடங்களுக்கெல்லாம் எழுதி, பதில் வராமல் காத்திருப்பவர்களைப் பற்றி. மாமா பதினோரு கடிதம் போட்டிருக்கிறார். வந்தது ஒரே ஓர் ஒப்புகை அட்டை. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

“ஆராய்ச்சியாளர்களுக்கு வேறு வேலை இல்லையா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய ஆய்வு நிலையத்தில் இருப்பவர் தமக்கு வரும் இத்தகைய கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதத் தொடங்கினால் அவர் ஆராய்ச்சி அதோடு சரி. ஆனால் நமக்கு என்ன வேலை தலைபோகிறது? நம் இயற்பியல் துறையில் மூன்று ஆண்டுகளும் சேர்த்து நூறு மாணவர்களுக்குக் குறையாது. மாமாவின் நோட்டில் உள்ள தவறைக் கண்டுபிடிக்க மாக்ஸ்வெல் வேண்டாம். சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒரு பி.எஸ்ஸி. மாணவன் போதும். அதைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டில், பரீட்சைக்காகப் படித்த மூன்று பருவங்களைவிட அதிகமாக இயற்பியல் கற்றேன். நோட்டைத் திறந்தது அவருக்குச் செய்த தர்மம் என்று யாரும் என் முதுகைத் தட்ட வேண்டாம்; லாபம் என்னுடையது.

சொல்லக் கூசினாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சென்ற பருவத்தில் கூட்டு ஊசல் சோதனை செய்தோம் அல்லவா? ஈர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும். என் அளவீட்டில் 9.78 வந்தது. பாடநூலில் 9.8. பக்கத்து மேசைக்காரனுக்கு 9.6. இருவருமாகச் சேர்ந்து விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அலைவு நேரங்களைத் “திருத்தி”, 9.80 என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ஊரில் யாருக்கும் தெரியாத இரகசியம் ஒன்றுமில்லை இது. பின்னர் மாமாவின் நோட்டுக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது: பூமத்திய ரேகைக்கு அருகே ஈர்ப்பு முடுக்கம் குறைவு, துருவத்தில்தான் 9.83. எட்டு டிகிரி அட்சரேகையில் உள்ள நம் ஊருக்குச் சரியான மதிப்பு 9.78! கையில் கிடைத்த உண்மையை அடித்துத் திருத்திப் பொய்யாக்கி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஓடு எண்ணியவர் கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதியிருக்கிறார். “ஏறத்தாழ” என்று கூடச் சேர்த்திருக்கிறார். எங்கள் இருவரில் வெளியார் யார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுகளோடு அவர் வீட்டுக்குப் போனேன். “சார் பாத்துக்கிட்டிருக்கார்” என்று சொன்னது பொய் என்பதை முதலில் சொன்னேன். “அது அண்ணைக்கே தெரியும்” என்றார். பிறகு பாசியோ, லெசாஜ் கதையைச் சொன்னேன். 1690 என்ற ஆண்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டு நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டார். தமக்கு முன்னே ஒருவர் வந்துவிட்டார் என்பதில் அவருக்கு வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். முகத்தில் பார்த்தது வருத்தமாகத் தெரியவில்லை. கூட ஆள் இருந்திருக்கிறது என்ற ஆறுதல் போல் இருந்தது.

அதன்பின் மழையையும் சைக்கிளையும் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. முற்றத்துக்குப் போய் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். “மார்புதான் நனையும். செரிதான்” என்றார். பிறகு, “உங்க ஆளுகளுக்குத் தப்பே வராதா மக்கா?” என்று கேட்டார். 2011-ல் ஜெனீவாவிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலிக்கு அனுப்பிய நியூட்ரினோக்கள் ஒளியைவிட முந்தி வந்ததாக அளவீடு காட்டிய கதையைச் சொன்னேன். வினாடியில் நூறு கோடியில் 60 பங்குதான் முந்தியது, உலகமே அதிர்ந்தது. எங்கே பிழை என்று கண்டுபிடியுங்கள் என்று அந்த விஞ்ஞானிகளே ஊரைக் கூட்டிக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு பார்த்தால், ஒரு கண்ணாடி இழைக் கேபிள் சரியாகச் செருகப்படாமல் இருந்திருக்கிறது. மாமா இருமல் வருமளவுக்குச் சிரித்தார். “லூஸ் கனெக்‌ஷன்! நாப்பது வருசமா நான் வீடுவீடா இதைத்தான சொல்லுகேன்!”

புறப்படும்போது, “அப்ப எதுதான் இழுக்குது? அதைச் சொல்லு” என்றார். வெளியே வளைவு என்று ஐன்ஸ்டீன் சொன்னதைக் கேள்விப்பட்ட அளவில் சொன்னேன். அது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை; எனக்கே விளங்காததை அவருக்கு எப்படி விளக்க? இரண்டு வாக்கியத்தில் திக்கி நின்று, “தெரியல்ல மாமா” என்றேன். அவர் அதற்குக் கோபப்படவில்லை.

நமது முதல்வர் அவர்களுக்கும் துறைப் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நமது ஆய்வுக்கூடத்தை ஊராருக்குத் திறந்து வைக்க வேண்டும். நியூட்டன் தவறு, ஐன்ஸ்டீன் தவறு, என்றும் நிற்காத இயந்திரம் செய்திருக்கிறேன் என்று யார் வந்தாலும் உட்கார வைத்து வாசிப்போம். எண் கேட்போம். எண் இல்லாவிட்டால் அவரோடு உட்கார்ந்து நாமே போட்டுப் பார்ப்போம். தவறு கண்டால் இன்ன இடத்தில் என்று தமிழில் எழுதி, இரண்டு மாணவர்கள் கையெழுத்திட்டுத் தருவோம். எனக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்றும் எழுதுவோம். மாலையும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம்.

இதை மாமாவிடம் சொன்னேன். இப்போது அவர் குளச்சல் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் புது நோட்டு ஒன்று தொடங்கியிருக்கிறார்; நிலா தள்ளுகிறதா இழுக்கிறதா என்பது வழக்கு. அடுத்த கண்காட்சிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்தேன்.

“வாறேன். ஆனா சாயா வேண்டாம்,” என்றார். “ஒரு போர்டும் சாக்பீசும் தந்தாப் போரும்.”